பதினான்காம் நாள் மாத்திரை

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை என்று வளைந்து வளைந்து ஏறிவரும் பாதை, ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தை எட்டி முடிகின்ற இடத்திலே டயகம இருக்கிறது. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில், மார்கழி தை மாதங்களில் விடியற்காலைப் பிரட்டுக்குப் போகிறவர் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு நடக்கின்ற இந்தக் குளிர்தேசத்தில் இருந்துகொண்டு மலேரியாவைப் பற்றி எழுதப்புகுவது வாசகருக்கு விநோதமாகத் தோன்றலாம். அந்நோயைச் சுமக்கும் அனோபிலிஸ் நுளம்பின் வயிற்றிலே நோய்க்கிருமி முற்றி வளர்வதற்கு வெப்பம் வேண்டும். 16 பாகை செல்சியசுக்குக் கீழே வைவாக்ஸ் என்னும் வகையும், 18 பாகைக்குக் கீழே பால்சிபாரம் என்னும் கொடிய வகையும் வளர்ச்சி நின்றுபோகும். நம் பக்கத்து ஓடைகளோ பாறையில் மோதி விரைந்து ஓடுகின்றனவேயன்றிக் குட்டையாகத் தேங்கிக் கிடப்பதில்லை. ஆதலால், இங்கே பிறந்து இங்கேயே கொழுந்தெடுத்து இங்கேயே மண்ணானவருக்கு இந்தக் காய்ச்சல் பழக்கமானதன்று.

ஆனால் நம் ஜனங்களின் சரித்திரம் ஓரிடத்தில் நிலைத்திருந்தவர்களின் சரித்திரமாக இல்லையே! அவர்கள் இம்மலைக்கு வந்தபோதும், இங்கிருந்து விரட்டப்பட்டுப் போனபோதும், போன இடத்திலிருந்து மறுபடி பெயர்ந்தபோதும், தாழ்நிலத்தின் காய்ச்சல் வழியிலே நின்று அவர்களை மறித்திருக்கிறது.

முதற் பயணத்தை எடுத்துக்கொள்வோம். கோப்பிக் காலத்திலே, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணியின் பின்னே கண்டிச்சீமைக்குப் புறப்பட்டவர்கள், தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து 150 மைலளவு காட்டுவழியே கால்நடையாக மாத்தளைக்கு நடந்தார்கள். வடபாதை என்று பெயர்பெற்ற அவ்வழி, பாழடைந்த குளங்களும் வறண்ட ஆற்றுப்படுகைகளும் நிறைந்த உலர்வலயத்தின் ஊடாகச் சென்றது. உடைந்த குளத்தின் தேங்கிய நீரும், ஆற்று மணலில் குழி விழுந்து நின்ற தெளிந்த நீரும் நுளம்புக்கு மிகவும் உகந்தவை. வாந்திபேதியும் வயிற்றுளைச்சலும் மலேரியாவும் அப்பாதையில் உண்ட உயிர்களுக்குச் சரியான கணக்கை எவரும் எழுதி வைக்கவில்லை. கோப்பிப் பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள் அதே பாதையில் மறுபடியும் நடந்தார்கள். 1899-ஆம் ஆண்டிலே அரசாங்கம் அவ்வழியை மூடி, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் வரச்செய்யும்வரை அந்நடை ஓயவில்லை.

இவ்விடத்திலே, நெஞ்சைவிட்டு நீங்காத ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. நுவரெலியாவுக்கு அருகேயுள்ள ஹக்கலைப் பூங்காவை இன்று பூக்களைக் காணப் போகிறவர்கள் நிரப்புகிறார்கள். அது 1861-இல் நிறுவப்பட்டது பூக்களுக்காக அன்று; தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட சின்கோனா மரத்தைப் பயிரிட்டுப் பார்ப்பதற்காகவே. அம்மரத்தின் பட்டையிலிருந்துதான் கொயினா எடுக்கப்பட்டது; அந்நாளில் மலேரியாவுக்கு அதனை விஞ்சிய ஔஷதம் உலகிலே இல்லை. 1869-இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழிக்கத் தொடங்கியபோது, துரைமார் சின்கோனாவை நோக்கித் திரும்பினர். 1880-களின் நடுவிலே இலங்கையிலிருந்து ஆண்டொன்றுக்கு ஒரு கோடி இறாத்தலுக்கும் மேற்பட்ட பட்டை கப்பலேறியது. அதனாலேயே விலை சரிந்து, மரங்கள் பிடுங்கப்பட்டுத் தேயிலை வந்தது. மரத்தை நட்டதும், பட்டையை உரித்ததும், காயவைத்து மூட்டை கட்டியதும் நம் முன்னோரின் கைகளே. உரித்த பட்டை இலண்டன் சந்தைக்குப் போயிற்று. உரித்தவரின் உறவினர் வடபாதையில் காய்ச்சலோடு நடந்து வந்துகொண்டிருந்தனர்.

மலேரியா மலையடிவாரத்தை எவ்வளவு நெருங்கக்கூடும் என்பதை 1934-ஆம் ஆண்டு காட்டியது. தென்மேற்குப் பருவமழை பொய்த்து, தெதுரு ஓயா, மா ஓயா, களனி முதலிய ஆறுகள் வற்றிக் குட்டைகளாகிவிட, ஓடும் நீரில் வாழமுடியாத நுளம்பு அக்குட்டைகளிலே கோடானுகோடியாய்ப் பெருகிற்று. அவ்வாண்டு ஒக்டோபரில் தொடங்கிய கொள்ளைநோய், அடுத்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டு சென்றது. அப்போது தீவின் ஜனத்தொகை சுமார் 55 இலட்சமே. கவனிக்கத்தக்கது யாதெனில், ஆண்டுதோறும் மலேரியா வாட்டிவந்த அநுராதபுரப் பகுதியைவிட, அக்காய்ச்சல் அதிகம் பழகாத கேகாலை, குருணாகல் பகுதிகளே மிகக் கொடுமையாக அழிந்தன. மாண்டவர்களில் சிசுக்களும் சிறுவரும் பெருந்தொகையினர். வறுமையால் மெலிந்திருந்த தாய்மாரும் அவர்களோடு போயினர். சூரியமல் இயக்கத்து இளைஞர்களும் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் கிராமம் கிராமமாகச் சென்று மருந்தும் சத்துணவும் கொடுத்த கதை, இந்நாட்டு அரசியல் வரலாற்றிலும் இடம்பெற்றுவிட்டது.

பழகிய ஊரைவிடப் பழகாத ஊர் ஏன் அதிகம் அழிந்தது? இந்நோயின் இயல்பை அறிந்துகொள்ள இக்கேள்வியே வாசல். மலேரியா நிறைந்த ஊரிலே பிறந்த குழந்தை, முதல் சில மாதங்கள் தாயிடமிருந்து பெற்ற காவலால் பிழைத்து, பின்பு அடிக்கடி காய்ச்சலுற்று, மண்ணீரல் வீங்கி, இரத்தம் குன்றி, அதிலே மடியாமல் தப்பிக்கொண்டால், வளர்ந்த பருவத்திலே ஓரளவு எதிர்ப்புச் சக்தியைச் சம்பாதித்துக்கொள்கிறது. அது முழுமையான காவலன்று. ஊரைவிட்டு நீங்கிச் சில ஆண்டுகள் கழிந்தால் தேய்ந்தும் போகும். எனினும், அவ்வூரில் நோயின் முழுப்பாரத்தையும் சுமப்பவர்கள் குழந்தைகளும், முதற்பிள்ளையைக் கருவுற்ற பெண்களுமே. மலேரியாவைக் காணாத குளிர்மலையிலிருந்து போகிறவர்களின் நிலை வேறு. அறுபது வயதுப் பாட்டனும் ஆறு மாதப் பேரனும் இந்த ஒரு விஷயத்திலே சமவயதினர். இருவரின் இரத்தமும் இக்கிருமியை முன்பின் அறியாதது.

இதனை மனத்திலிருத்திக்கொண்டு 1970-களுக்கு வருவோம். தோட்டங்கள் அரசுடைமையான காலத்துப் பஞ்சத்தினாலும், பின்பு 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களினாலும், மலைநாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்ப் பகுதிகளுக்குப் பெயர்ந்தன. லயத்துக் காம்பராவைப் பூட்டவும் நேரமின்றி, எரிகிற நெருப்புக்குத் தப்பி, பிள்ளைகளை இடுப்பிலும் தோளிலும் சுமந்துகொண்டு போனவர்கள் அவர்கள். கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் முன்னின்று நடத்திய காந்தியம் என்னும் நிறுவனம், அவர்களிற் பலருக்கு நிலமும் விதையும் தேடிக்கொடுத்துக் குடியேற்றிற்று. அந்த வைத்தியர் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையிலே கொல்லப்பட்டார். கென்ட் பாம், டொலர் பாம் என்னும் பண்ணைகளில் குடியமர்ந்தவர்கள் 1984-இல் அங்கிருந்தும் எழுப்பப்பட்டார்கள். கிளிநொச்சியைச் சூழ்ந்துள்ள பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்களிலே இன்றும் மலைநாட்டு வமிசத்தினரே பெருவாரியாக வாழ்கிறார்கள்.

வன்னியின் மலேரியா அவர்களை எவ்வாறு தாக்கியிருக்கும் என்பதை ஊகிக்க வைத்தியப் பட்டம் வேண்டியதில்லை. நுளம்பு உட்கார்ந்து இளைப்பாறும் வீட்டுச் சுவரிலே மருந்தடிப்பதே அக்காலத்து மலேரியாத் தடுப்பின் முதுகெலும்பு. காட்டை வெட்டி நாலு கம்பு நட்டுக் கிடுகு வேய்ந்த கொட்டிலுக்குச் சுவர் ஏது? நுளம்பு வலை வாங்கப் பணம் ஏது? சேனைக்குக் காவலிருக்கிறவர் இரவெல்லாம் வெட்டவெளியிலே கிடப்பார். காய்ச்சல் வந்தவர் வைத்தியசாலைக்குப் போக வாகனம் கிடையாது. நடந்து போய்ச் சேர்ந்தாலும், இரத்தம் சோதித்து, மாத்திரை வாங்கி, அதனை முடிக்குமுன்பே அடுத்த வன்செயலோ அடுத்த இடப்பெயர்வோ வந்துவிடும். என் நோக்கில், இடம்பெயர்ந்தவரின் மலேரியாவிலே மிகப்பெரிய அபாயம் இவ்விடத்தில்தான் இருக்கிறது. மருந்து கிடையாமற் போவது ஒரு துன்பம். கிடைத்த மருந்து முடியாமற் போவது அதனிலும் பெருந்துன்பம். ஏனென்றால், பாதியிலே விடப்பட்ட மருந்து நோயாளியையும் காப்பதில்லை, அவர் அடுத்துப் போய்த் தங்குகின்ற ஊரையும் காப்பதில்லை.

அதன் காரணத்தைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். நுளம்பு கடித்த பின்பு கிருமி முதலிலே ஈரலுக்குப் போய் வளர்ந்து, அப்பால் இரத்தத்திலே இறங்கிச் செவ்வணுக்களைச் சிதைக்கிறது. அணுக்கள் கூட்டமாய் வெடிக்கின்ற வேளையிலே பல் கிட்டிக்கும் குளிரும், அதன்பின் அனல்போலக் காய்ச்சலும், இறுதியில் உடல் நனையும் வியர்வையும் வருகின்றன. வைவாக்ஸ் வகையிலே இது பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதனால் முறைக்காய்ச்சல் என்றனர் முன்னோர். குளோரோகுயின் மாத்திரையை மூன்று நாள் உட்கொண்டால் இரத்தத்திலுள்ள வைவாக்ஸ் கிருமி அழிகிறது. நோயாளி எழுந்து வேலைக்கும் போய்விடுவார். ஆனால் ஈரலிலே ஒரு பகுதிக் கிருமி உறங்கிக் கிடக்கிறது. சில வாரங்களோ பல மாதங்களோ கழித்து, வேறொரு ஊரிலே, நுளம்பு கடியாமலே காய்ச்சல் மறுபடி எழும். உறங்குகின்ற அந்தக் கிருமியை அழிப்பது பிரைமாகுயின் என்னும் வேறொரு மாத்திரை. இன்று இலங்கையில் அநுசரிக்கப்படும் முறைப்படி அதனை 14 நாள் தொடர்ந்து உட்கொள்ளவேண்டும். நான்காம் நாளே நலமாகிவிட்டவரை, மீதிப் பத்து நாளும் மாத்திரை விழுங்கச் செய்வது நிலையான வீடுள்ளவரிடத்திலேயே கடினம். கூடாரத்தில் இருப்பவரிடத்தில் எத்துணைக் கடினமென்று சொல்லவேண்டுமா?

வயதுக்கு வயது சிகிச்சை வேறுபடுவது அடுத்த சிக்கல். குழந்தைக்குரிய அளவு, பெரியவரின் மாத்திரையைக் கண்ணளவாகப் பாதியாக்குவதனால் வந்துவிடாது. நிறுத்துப் பார்த்த உடல் எடைக்கு ஏற்பவே மருந்து அளக்கப்படவேண்டும். போரிலும் பஞ்சத்திலும் மெலிந்த பிள்ளைக்கு வயது ஒன்று சொல்லும், தராசு வேறொன்று சொல்லும். கசப்பினால் குழந்தை துப்பிவிட்டாலோ, அரைமணி நேரத்துக்குள் வாந்தியெடுத்தாலோ, அந்த வேளை மருந்தை மறுபடி கொடுக்கவேண்டும். பால்சிபாரத்துக்கு இன்று கொடுக்கப்படும் ஆர்ட்டிமீதர்–லூமிபான்ட்ரின் கூட்டு மருந்து மூன்று நாளில் ஆறு வேளை. கொழுப்புள்ள உணவோடு, அல்லது குழந்தையாயின் பாலோடு, கொடுத்தால்தான் அது சரீரத்திலே நன்கு சேரும். நீரிலே கரையக்கூடிய இனிப்பு மாத்திரைகள் பிள்ளைகளுக்கென்று வந்திருப்பது இக்காலத்துத் தாய்மாரின் பாக்கியம்.

நோய் மூளையைத் தாக்கி, குழந்தை வலிப்புற்றோ நினைவிழந்தோ கிடக்குமாயின் வாய்வழி மருந்துக்கு அங்கே இடமில்லை; ஆர்ட்டிசுனேட் ஊசியே கதி. அந்த ஊசியிலும் ஒரு விசேஷம் உண்டு: 20 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 3 மில்லிகிராம் வீதம் கொடுக்கவேண்டும், பெரியவருக்கோ 2.4 மில்லிகிராமே. சிறிய உடலுக்கு அளவு குறைவாகத்தானே இருக்கும் என்ற நம் ஊகம் இங்கே பிழைத்துப்போகிறது. கொயினா ஊசியைவிட இது மேலானது என்பதை, 2005-இல் ஆசியாவின் பெரியவரிடத்தும், 2010-இல் ஆபிரிக்காவின் சிறுவரிடத்தும் நடந்த ஆராய்ச்சிகள் ஐயமற நிறுவின.

கர்ப்பிணிக்குப் பிரைமாகுயின் ஆகாது, கைக்குழந்தைக்கும் ஆகாது. ஜி6பிடி என்னும் நொதி பிறப்பிலேயே குறைந்தவர்களுக்கு அம்மாத்திரை செவ்வணுக்களை உடைத்துவிடுமாதலால், கொடுக்குமுன்பு அதனையும் சோதிக்கவேண்டும். ஆகவே, வைவாக்ஸ் கண்ட கர்ப்பிணிக்கு, இரத்தத்துக் கிருமியை முதலில் அழித்து, பின்பு பிரசவம்வரை வாரந்தோறும் குளோரோகுயின் கொடுத்துக் காத்திருப்பார்கள். கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் பால்சிபாரம் வந்தால் நெடுங்காலம் கொயினாவே துணையாயிருந்தது. 2022-இல்தான் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்தை அம்மாதங்களிலும் கொடுக்கலாமென்று உரைத்தது. முதியவர் விஷயத்திலே பிறிதொரு கவலை: இருதய நோய்க்கும் நீரிழிவுக்கும் ஏற்கெனவே மருந்துண்பவர்கள் அவர்கள், எதிர்ப்புச் சக்தியில்லாத முதுமையிலே வருகின்ற பால்சிபாரம் இளைஞரைக் கொல்வதைவிட விரைவாகக் கொல்லும். ஒரே கூடாரத்திலே ஒரே நுளம்பு கடித்த பாட்டிக்கும், மருமகளுக்கும், பேரனுக்கும் மூன்று விதமான சிகிச்சை தேவைப்படுவது இப்படித்தான்.

இவ்வறிவிற் பெரும்பகுதி இடம்பெயர்ந்தவர்களின் முகாம்களிலேயே பிறந்தது என்பதையும் நாம் அறிந்திருக்கவேண்டும். தாய்லாந்து–பர்மா எல்லையிலே, கரேன் இன அகதிகள் தங்கியிருந்த ஷொக்லோ முகாமில் 1986-இல் ஒரு மலேரியா ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. பழைய மருந்துகளுக்கெல்லாம் கிருமி பணிய மறுத்த அவ்வெல்லையில், பிரான்சுவா நோஸ்டன் என்ற வைத்தியரும் அவர் குழுவினரும், சீன தேசத்து மூலிகையிலிருந்து தூ யூயூ அம்மையார் 1972-இல் பிரித்தெடுத்த ஆர்ட்டிமிசினின் மருந்தின் வழிவந்த ஆர்ட்டிசுனேட்டை வேறொரு மருந்தோடு சேர்த்துக் கொடுத்து, காய்ச்சலையும் அதன் பரவலையும் தணித்தார்கள். இன்று உலகமெங்கும் வழங்குகின்ற கூட்டு மருந்து முறைக்கு, வீடிழந்த கரேன் தாய்மாரும் பிள்ளைகளும் கொடுத்த இரத்தத் துளிகள் பெருஞ்சான்று.

நம் நாட்டுக் கதைக்குத் திரும்புவோம். டி.டி.ரி. தெளிப்பினால் 1963-இல் தீவு முழுவதற்கும் 17 நோயாளர் என்ற அளவுக்குத் தணிந்திருந்த மலேரியா, கண்காணிப்புத் தளர்ந்ததும் 1960-களின் இறுதியிலே ஐந்து இலட்சத்துக்கும் மேலாகப் பெருகியது. போர்க்காலத்தில் வடக்கும் கிழக்கும் அதன் கோட்டையாயின. 1995-ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து இலட்சக்கணக்கானோர் வன்னிக்குப் பெயர்ந்தபோது, மலேரியா குறைந்த நிலத்திலிருந்து மலேரியா மிகுந்த நிலத்துக்குப் போன அவர்களும், முன்னர் நம் மலைநாட்டார் பட்ட பாட்டைப் பட்டனர். 2000-ஆம் ஆண்டிலும் நாட்டில் 2,10,000 நோயாளர் இருந்தார்கள்.

அந்நிலையிலிருந்து தீவு மீண்ட விதம் போற்றத்தக்கது. போரிட்ட இரு தரப்பினரும் மலேரியாத் தடை இயக்கத்தின் ஊழியருக்கு வழிவிட்டார்கள். மருந்தும் வலையும் தெளிகருவியும் எல்லை கடந்து சென்றன. கூலி குறைந்த, பெயர் தெரியாத அவ்வூழியர்கள், காய்ச்சலென்று படுத்தவரின் விரல் நுனியில் ஊசி குத்திக் கண்ணாடித் தகட்டிலே இரத்தம் எடுத்துக்கொண்டு, காடும் கண்ணிவெடியும் பாராமல் திரிந்தார்கள். 2009-இல் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் செட்டிகுளத்து முகாம்களிலே நெருக்கியடிக்கப்பட்டபோது மலேரியா மூண்டெழும் என்று அஞ்சியவர் பலர், அது மூண்டெழவில்லை. உள்நாட்டிலே தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் காணப்பட்டார். 2016 செப்டெம்பர் 5-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று சான்றளித்தது. 2023-ஆம் ஆண்டிலே உலகத்தில் 26 கோடிப் பேர் இந்நோயுற்று, ஏறக்குறைய 6 இலட்சம் பேர் இறந்தார்கள் என்பதையும், இறந்தவர்களிற் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத ஆபிரிக்கக் குழந்தைகள் என்பதையும் இதன் அருகே வைத்துப் பார்த்தால், நாம் அடைந்திருப்பதன் பெருமை விளங்கும்.

ஆயினும் நுளம்பு போய்விடவில்லை. இராமேசுவரத்தை அடுத்த மண்டபத்திலே 1917-இல் இலங்கைக்கு வருவோரை மறித்துச் சோதிக்கத் திறக்கப்பட்ட முகாம், 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் தாயகம் திரும்பியோரை வரவேற்றது. 1983-க்குப் பின்பு அகதிகளுக்குப் புகலிடமாயிற்று. அங்கிருந்து மீண்டுவரும் குடும்பங்களின் இரத்தத்தைச் சோதிப்பது மலேரியாத் தடை இயக்கத்தின் இன்றைய கடமைகளில் ஒன்று. இந்தியாவின் நகரக் கிணறுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் வளர்ந்து மலேரியா பரப்புகின்ற அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்னும் நுளம்பு, 2016-ஆம் ஆண்டின் கடைசியிலே மன்னாரிலும் காணப்பட்டது. நம் முன்னோர் தோணியை விட்டு இறங்கிய அதே மன்னார்.

டயகமவிலிருந்து இப்போது வன்னிக்கு ஓடுகிறவர் இல்லை. இந்தியாவுக்குத் தல யாத்திரையாகவும், ஆபிரிக்க நாடுகளுக்கு வேலையாகவும் போகிறவர் இருக்கிறார்கள். நம் பிள்ளைகள் ஒருவருக்கும் இன்று இந்நோய்க்கு எதிர்ப்புச் சக்தி கிடையாது. வைத்தியர்களிற் பலர் மலேரியா நோயாளரைக் கண்ணாற் கண்டதுமில்லை. ஆகையால், பிரயாணம் போகுமுன் மலேரியாத் தடை இயக்கத்தின் அலுவலகத்திலே கேளுங்கள். காப்பு மாத்திரையை இலவசமாகக் கொடுக்கிறார்கள். திரும்பி வந்து ஓராண்டுக்குள் காய்ச்சல் கண்டால், குளிரினால் வந்த தடிமன் என்று லயத்திலே படுத்துக்கொண்டிராமல், டயகம வைத்தியசாலைக்குப் போய், வைத்தியர் கேட்குமுன்பே நீங்கள் போய்வந்த தேசத்தின் பெயரைச் சொல்லி, இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். மலேரியா என்று கண்டு பிரைமாகுயின் தந்தார்களானால், காய்ச்சல் விட்ட பின்பும் நாட்களை எண்ணி, பதினான்காம் நாள் மாத்திரையையும் விழுங்குங்கள்.